ரேகைப் பெட்டியும் நடைவண்டியும்

அந்தக் கருவி ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. அதைக் கொண்டுவந்த அதிகாரி பெஞ்சமின் என் பட்டறை மேசைமேல் வைத்துத் தட்டிக்காட்டி, "மேஸ்திரி, இனிமே எந்த மரச்சாமானும் பொய் சொல்ல முடியாது" என்றார். சாமான் எங்கே பொய் சொன்னது, சொன்னதெல்லாம் நான்தானே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே, டீ சாப்பிடுகிறீர்களா சார் என்று மட்டும் கேட்டேன்.

டீ வருவதற்குள் செய்தும் காட்டிவிட்டார். மேசைக் காலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டு, மிளகளவு மரத்தூள் எடுத்து, இரண்டு சொட்டு நீரில் கரைத்துப் பெட்டியின் வாயில் விட்டார். முப்பது எண்ணுவதற்குள் திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக எழுந்தன. நமக்குக் கைரேகை இருப்பதைப் போல ஒவ்வொரு மரத்துக்குள்ளும் ஒரு ரேகை உண்டாம். அறுத்தாலும் இழைத்தாலும் வேகவைத்தாலும் அது அழியாதாம். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து ஒரு சிட்டிகை, அதே மரத்தில் செய்து வீட்டுக்குப் போன சாமானிலிருந்து ஒரு சிட்டிகை. இரண்டு கோடுகளும் ஒத்துப்போனால் ஒரே மரம். ஒத்துப்போகவில்லையென்றால் பணிமனைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். இந்தக் கடைசி வரியை அவர் சொல்லவில்லை, நானாகப் போட்டுக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில உங்க ஊர்லயே எல்லாருக்கும் முன்னாடி சோதிச்சுக் காட்டப்போறோம்" என்றார். "அக்கரையில பன்னெண்டு ஊர்லயும் திரை வச்சு நேரடியா பாப்பாங்க. அதோட வதந்தி ஒழிஞ்சிரும்."

நான் டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

என் பெயர் கலியபெருமாள். கீழச்சேத்தி மரமீட்புப் பணிமனையில் அப்போது தலைமைத் தச்சன். எங்கள் வட்டாரத்துப் பூவரசு மரங்களுக்கு நெஞ்சுக் கறுப்பு வந்து ஆறு வருஷமாகிறது. ஒரு துளைவண்டு காளானைச் சுமந்துகொண்டு மரத்துக்குள் போகும். மூன்று மாதத்தில் இலை தொங்கும், ஆறு மாதத்தில் மரத்தின் நெஞ்சு கரித்துண்டாகிவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை. அந்த மரத்திலிருந்து கிளம்பும் வண்டுகள் ஆளுக்கொரு மரம் பார்த்துக்கொள்ளும். வேலியோரம், வாய்க்கால் கரை, ஆற்றங்கரை என்று எங்கும் பூவரசு நின்ற பூமி இது. கொழுக்கட்டை அவிக்க இலை வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் போதும். ஆறு வருஷத்தில் கடைத்தெருவில் இலைக்கட்டு வாங்குகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

நோயை நிறுத்த ஒரே வழி, இலை தொங்கிய வாரத்திலேயே மரத்தை வெட்டி, மூடிய வண்டியில் ஏற்றி, வெப்ப அறையில் வேகவைப்பது. எங்கள் பணிமனையில் அந்த அறையை இட்லிக் கொப்பரை என்போம். ஒரு நாள் முழுக்க அதற்குள் கிடந்தால் வண்டும் சாகும், காளானும் சாகும். மிஞ்சும் மரத்தில் கறுப்பு நரம்பு ஓடியிருக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

ஆனால் ஜனங்கள் மரத்தைத் தரவில்லை. மறைத்தார்கள். தொங்கிய கிளைகளை ராவோடு ராவாக வெட்டி எரித்துவிட்டு, மரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதித்தார்கள். வாசல் மரத்தை அதிகாரி சொன்னான் என்பதற்காக யார் தூக்கிக் கொடுப்பார்கள்? அப்போதுதான் இந்தத் திட்டம் வந்தது. மரத்தைக் கொடுங்கள், உங்கள் மரத்திலேயே, அதே மரத்திலேயே, நீங்கள் கேட்கும் சாமானைச் செய்து நாலு மாதத்தில் வீட்டில் இறக்குகிறோம். ஒவ்வொரு பலகையிலும் அந்த வீட்டு எண் போட்ட தகர வில்லை அடித்திருக்கும். இந்த ஒரு வாக்குறுதிக்குத்தான் ஊர் இறங்கிவந்தது.

எங்கள் ஊரில் முதலில் கொடுத்தவள் செண்பகவல்லி. மன்னார்குடிக்கும் கீழச்சேத்திக்கும் நடுவே டவுன்பஸ் ஓட்டுகிறாள். அவள் ஹாரன் அடித்தால் எருமைகூட ஒதுங்கிவிடும். இருபத்திரண்டு வருஷம் முன்னால் அவளுக்குப் பிறந்த பெண்பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. கொல்லையில் அடக்கம் செய்து, அந்த இடத்தில் ஒரு பூவரசு வளர்த்தாள். அந்த மரத்துக்குத்தான் இலை தொங்கியது. வெட்ட வந்தவர்களிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். வேரைத் தோண்டாதீர்கள், கட்டை மறுபடி துளிர்க்காமலிருக்க ஊற்றும் மருந்தை என்னிடம் கொடுங்கள், நானே ஊற்றிவிடுகிறேன். அதைக் கேட்டு எங்கள் ஆட்களுக்கே கண் கலங்கிவிட்டது. அவளே கொடுத்துவிட்டாள், நமக்கென்ன என்று மறுவாரமே நாற்பது வீடுகள் பெயர் கொடுத்தன.

அவள் கேட்டது ஓர் ஊஞ்சல் பலகை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒட்டுப் போடாத ஒற்றைப் பலகை. மரத்தை அறுத்துப் பார்த்தேன். நடுவில் பொந்து. பொந்தைச் சுற்றிக் கெட்டியாக ஒரு வளையம், அதற்கு வெளியே நல்ல மரம். ஆனால் பொந்து இருப்பதால் ஒரு சாண் அகலத்துக்குமேல் எதுவும் தேறாது. அவள் முகத்தைப் பார்த்து, உன் மரத்தில் ஊஞ்சல் வராது தங்கச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொரு மரத்தின் பலகையை எடுத்து, அவள் வீட்டு வில்லையை நெம்பி அதில் அடித்து அனுப்பிவிட்டேன். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

முதல் பொய்தான் கஷ்டம். அப்புறம் கை தானாகவே பழகிவிட்டது. நிறைய மரங்கள் கரியாகவே வந்தன. கரியில் கட்டில் செய்ய நான் என்ன மந்திரவாதியா? ஆற்றங்கரை மரங்களுக்கு உரிமை கோர யாரும் கிடையாது. அந்தப் பலகைகளை எடுத்து வில்லையை மாற்றினேன். ஒரு வீட்டில் மிஞ்சிய நல்ல துண்டு இன்னொரு வீட்டுச் சாமானுக்குப் போயிற்று. எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக் கிணற்றடி மரத்துக்கு உண்டான சாய்வு நாற்காலி மட்டும்தான் இன்னும் வரவில்லை என்று என் மனைவி கமலவேணி தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள். ஊருக்கெல்லாம் செய்கிறவன் தன் வீட்டுக்குச் செய்வானா என்று பதிலும் அவளே சொல்லிக்கொள்வாள்.

இதற்கிடையில் அக்கரையிலும் நோய் வந்துவிட்டது. அங்கே யாரோ, பணிமனைக்காரர்கள் நல்ல மரத்தை வைத்துக்கொண்டு கண்டதைக் கொடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட, பன்னிரண்டு ஊர்களும் மரத்தை மறைக்க ஆரம்பித்துவிட்டன. அங்கிருந்து ஆறு மைல் தாண்டினால் கடற்கரை வரை நோயில்லாத பூவரசு இன்னும் மிச்சம் இருக்கிறது. அக்கரை விழுந்தால் அதுவும் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்த ரேகைப் பெட்டி.

பெஞ்சமின் கிளம்பியதும் தமயந்தியிடம் போனேன். அவர்தான் பணிமனைக்குப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்ப் பக்கம். இட்லிக் கொப்பரையை வடிவமைத்தவரும் அவரே. வயதில் எனக்குத் தங்கை மாதிரி, ஆனால் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"எத்தனைங்க மேஸ்திரி?" என்றார்.

"மூணுக்கு ஒண்ணு இருக்கும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொன்னா நீங்க வேணாம்பீங்க. வேணாம்னா அந்த வீட்டுக்கு வெறுங்கையோட போகணும்."

எனக்குத் திட்டு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பெஞ்சமினைப் போனில் கூப்பிட்டு, சோதனையை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். முடியாது, அக்கரையில் திரை கட்டியாயிற்று என்று பதில் வந்தது.

அடுத்த மூன்று நாளும் பெஞ்சமின் வீடு வீடாகப் போய் அடிக்கட்டைகளில் தூள் எடுத்தார். எல்லோரும் காட்டினார்கள். செண்பகவல்லி மட்டும் காட்டவில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிவந்து, "எனக்கு மேஸ்திரி மேல சந்தேகம் இல்ல சார், என் மரத்துக்கு எந்தச் சோதனையும் வேணாம்" என்று சொல்லிவிட்டாளாம். பெஞ்சமின் அதை ஒரு பாராட்டாக என்னிடம் வந்து சொன்னார். கத்தியால் குத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்னை நம்பிய ஒருத்தியைப் போய் ஏமாற்றியிருக்கிறேனே என்ற நினைப்பு விடவில்லை. சோதனை ஆரம்பிக்கும் முன்பே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். சொன்னால் அக்கரை ஒரு மரம்கூடத் தராது என்பதும் தெரிந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாயத்துக் கொட்டகை முன்னால் திருவிழாக் கூட்டம். கட்டில், பீரோ, பெஞ்சு, கல்லாப்பெட்டி என்று என் கைப்பட்ட சாமான்கள் எல்லாம் வெயிலில் வரிசையாக நின்றன. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் அங்குமிங்கும் நடந்தாள். ஒரு மூலையில் ஜெயசீலன் தன் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தான். காலடியில் அவன் கேட்டு வாங்கிய நடைவண்டி. போன வருஷம் அவன் வீட்டு மரம் முழுக்கக் கரியாக வந்தது. அவன் மனைவி அப்போது நிறைமாதம். நடைவண்டி ஒன்று போதும் என்று கேட்டிருந்தார்கள்.

நான் எழுவதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டேன். அதற்குள் பெஞ்சமின் முந்திக்கொண்டு முதல் தூளைப் பெட்டிக்குள் விட்டுவிட்டார். அது வடிவேல் கவுண்டர் கட்டில். எனக்கு நன்றாகத் தெரியும், அது ஆற்றங்கரை மரம். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் மதகுப் பக்கத்துக் கல் உரசிய தழும்புகூட இருக்கிறது, நான்தான் உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

திரையில் இரண்டு வரிசைக் கோடுகள் எழுந்தன. ஒன்றின்மேல் ஒன்று போய் உட்கார்ந்தன.

"ஒரே மரம்" என்றார் பெஞ்சமின். கூட்டம் கை தட்டியது.

பாதி எழுந்திருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்து ஒரு பீரோ. அதுவும் மாற்று மரம்தான். ஒரே மரம் என்றது பெட்டி. அடுத்து ஒரு பெஞ்சு, அது நிஜமாகவே அவர்கள் மரம். ஒரே மரம். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் ஒரே மரம், ஒரே மரம், ஒரே மரம். அக்கரையிலிருந்து கைதட்டல் ஒலிபெருக்கியில் கேட்டது. வெட்டக் கொண்டுபோன கிடாயை அவிழ்த்துவிட்டால் அதற்கு எப்படி இருக்குமோ, எனக்கு அப்படி இருந்தது. கூடவே இந்தப் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்ற சந்தேகமும் வந்தது.

தமயந்தியின் காதருகே குனிந்து, "இது ஆகாதும்மா, அந்தக் கட்டில் ஆத்தங்கரை மரம். எப்படி ஒத்துப்போவும்?" என்றேன்.

அவரும் முழித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த ஊரில் பூவரசு எப்படி நடுவார்கள் என்று கேட்டார். இதென்ன கேள்வி? எப்போதும் நடுகிற மாதிரிதான். கைத்தடிமன் கிளையாகப் பார்த்து ஆள் உயரத்துக்குப் போத்து வெட்டி, ஈரம் உள்ள இடத்தில் குழி தோண்டி ஊன்றிவிட வேண்டியதுதான். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். எங்கள் ஊரில் பெண் கொடுத்த வீட்டுக்கும் பெண் எடுத்த வீட்டுக்கும் போத்து போகும். வேலி அடைக்க, களத்துக்கு நிழல் வைக்க, எல்லாவற்றுக்கும் போத்துதான்.

தமயந்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். "மேஸ்திரி, போத்து வெட்டி நட்டா அது புது மரமில்லீங்க. அதே மரம். கிளை எங்கே போனாலும் தாய்மரத்தோட ரேகை அப்படியே கூடப் போவும். நூறு நூத்தம்பது வருஷமா ஒருத்தர் வேலியில இருந்து இன்னொருத்தர் வேலிக்குன்னு வெட்டி நட்டிருக்கீங்க. இந்த வட்டாரத்துல நிக்கிறது பூரா ஒரே ஒரு மரம்தானுங்க."

என் மரம், உன் மரம் என்று ஆறு வருஷமாக அழுததெல்லாம் எனக்கு நினைவு வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "அதனாலதான் ஒண்ணு விழுந்ததும் எல்லாமே விழுந்துச்சு. ஒரு மரத்துப் பூட்டை உடைக்கக் கத்துக்கிட்ட காளானுக்கு இங்க இருக்கிற அத்தனை பூட்டுக்கும் அதே சாவிதான்" என்றார். நாங்கள் ஆசையாக ஊன்றிய ஒவ்வொரு போத்தும் நோய்க்கு வெட்டிவைத்த வாய்க்கால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் தப்பு செய்ய நினைக்கவில்லை. நல்ல மரம் என்றுதானே பக்கத்து வீட்டுக்கு வெட்டிக் கொடுத்தோம்.

இதை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்டகையில் சலசலப்பு. ஜெயசீலனின் நடைவண்டித் தூளைப் பெட்டி படித்திருந்தது. திரையில் இரண்டு வரிசைக் கோடுகளும் ஒட்டவில்லை. பெஞ்சமின் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் ஒட்டவில்லை. நடைவண்டி தனி மரம், ஜெயசீலன் வீட்டு அடிக்கட்டை தனி மரம்.

பெஞ்சமினுக்கு முகம் வியர்த்துவிட்டது. அக்கரை பார்த்துக்கொண்டிருக்கிறதே. தூளில் ஏதோ கலந்திருக்கும், குழந்தையின் எச்சில்கூடப் பட்டிருக்கலாம், இதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம் என்றார். கூட்டமும் சரி என்றது. ஜெயசீலனே, "பரவாயில்ல சார், புள்ள கடிச்சிருக்கும்" என்று சிரித்தான். பத்தொன்பது ஒத்துப்போயிருக்கிறது, ஒன்று போகட்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே இருந்திருந்தால் இன்றைக்கும் நான்தான் தலைமைத் தச்சன்.

தமயந்தி என் கையைப் பிடித்தார். "மேஸ்திரி, அந்த நடைவண்டி போத்து மரமில்ல. விதையில முளைச்ச மரம். வேற பூட்டு. அந்த மரத்துல நோய் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். அது யாரோட மரம்?"

எனக்கு அது யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. அந்த நடைவண்டியை இழைக்கும்போதே இழைப்புளி வேறு மாதிரி ஓடியது, சுருள் குட்டை குட்டையாக விழுந்தது. அந்த மரத்துக்கு நடுவில் பொந்து, பொந்தைச் சுற்றிக் கெட்டியான ஒரு வளையம். கறுப்பு அந்த வளையத்துக்கு வெளியே ஒரு நூல்கூட வரவில்லை. அன்றைக்கு நான் பலகையின் அகலத்தை மட்டுமே பார்த்தேன். அந்த மரம் நோயை உள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தது. நாங்கள்தான் அவசரப்பட்டு வெட்டிவிட்டோம்.

யாருடையது என்று தமயந்தியின் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன மறுநிமிஷம் அவர் அந்தக் கொல்லைக்குப் போக வேண்டும், கட்டையில் தூள் எடுக்க வேண்டும், ஏன் எடுக்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். அதை யாரோ அதிகாரி வாயால் அவள் கேட்கக் கூடாது. நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

என்ன பேசினேன் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. வில்லைகளை மாற்றியது நான்தான், பணிமனைக்குத் தெரியாது, மூன்றுக்கு ஒன்று வேறு மரம், பெட்டி சொன்ன ஒரே மரம் என்பதற்கு அர்த்தமே வேறு என்று சொன்னேன். கேமராப் பெண் என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். கடைசியில் செண்பகவல்லி எங்கே என்று தேடினேன். காக்கிச் சட்டையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

"தங்கச்சி, உன் ஊஞ்சல் உன் மரமில்ல. உன் மரத்துல பொந்து இருந்துச்சு, பலகை வரல. மிச்சம் இருந்ததுல நல்லதா நாலு துண்டு எடுத்து இந்த நடைவண்டியைச் செஞ்சேன். உங்கிட்ட சொல்லாம செஞ்சிபுட்டேன்."

வடிவேல் கவுண்டர்தான் முதலில் எழுந்தார், அடிக்க வருகிறார் என்றே நினைத்தேன். அப்படியானால் நான் இரண்டு வருஷமாகப் படுத்திருப்பது யார் மரம் என்று கேட்டார். தமயந்தி மைக்கை வாங்கி, போத்துக் கதையை எடுத்துச் சொன்னார். எந்தக் கட்டிலானாலும் அது எல்லோர் மரமும்தான், ஒன்றே ஒன்றைத் தவிர என்று முடித்தார். கவுண்டர் தன் பங்காளியைத் திரும்பிப் பார்த்தார். வேலித் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம். "அந்த வேலியில நிக்கிற மரமும் இந்த மரம்தானா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, முணுமுணுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

செண்பகவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக நடைவண்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, கைப்பிடிக் கட்டையைத் தடவினாள். குழந்தை கடித்த பல்தடம் அதில் இருந்தது. அந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து ஜெயசீலன் மனைவியைப் பார்த்தாள்.

"இதைப் புடிச்சிக்கிட்டுத்தான் நடந்துச்சா?"

"ஆமாங்கக்கா. பத்து மாசத்துலயே நடந்திருச்சு."

செண்பகவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். அழுகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஒன்பது நாளோடு போன பிள்ளையின் மரம் ஒரு பிள்ளையை நடக்கவைத்திருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. செய்தபோது நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. துண்டு சின்னதாக இருந்தது, சாமானும் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவள் எழுந்து பெஞ்சமினிடம் போனாள்.

"சார், என் கொல்லைக்கு வேணாம்னு சொன்னது மேஸ்திரிய நம்பித்தான்னு நெனச்சிருப்பீங்க. அதில்ல" என்றாள். "எல்லாரும் போத்து ஊனச் சொன்னாங்க. வெட்டின கிளைய எம்புள்ள மேல ஊன எனக்கு மனசு ஒப்பல. கடற்கரைப் பக்கம் டிரிப் போனப்ப ரோட்டோரம் கெடந்த காய் ஒண்ண எடுத்தாந்து புதைச்சேன். நீங்க குடுத்த மருந்தையும் நான் கட்டையில ஊத்தல. அது துளிர்த்திருச்சு. ரெண்டு வருஷமா தார்ப்பாய் கட்டி மறைச்சு வச்சிருக்கேன். ஊருக்கு நோயப் பரப்புறேனோன்னு தெனமும் பயந்துகிட்டேதான் வண்டி ஓட்டுறேன். தப்புத்தான்."

ஊர் மரத்தையெல்லாம் கொடுக்கவைத்தவளே மறைத்துவைத்திருக்கிறாள். அவள் என்னை நம்புகிறாள் என்று நான் மூன்று நாள் வெந்துபோனேன், அவளோ தன் கொல்லைக்குள் யாரும் வந்துவிடக் கூடாதே என்று வெந்துபோயிருக்கிறாள்.

கொட்டகையே எழுந்து அவள் கொல்லைக்குப் போனது. நீலத் தார்ப்பாயை அவளே அவிழ்த்தாள். பழைய கட்டையிலிருந்து மூன்று தண்டுகள் என் தலைக்குமேல் உயர்ந்து நின்றன. ஓர் இலைகூடத் தொங்கவில்லை. மஞ்சள் பூ நாலைந்து, நேற்றைய பூ வாடிச் சிவந்து இரண்டு, கொத்தாகக் காய். தண்டில் வண்டு துளைத்த ஓட்டைகள் ஏழெட்டு இருந்தன. தமயந்தி ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எல்லா ஓட்டையும் உள்ளிருந்து மூடிக் கெட்டிப்பட்டிருந்தன. வண்டு வந்திருக்கிறது, காளானும் வந்திருக்கிறது, மரம் விடவில்லை. தமயந்தி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப்போன மாதிரி இருந்தது.

இது நடந்து எட்டு மாதமாகிறது. என்மேல் விசாரணை வைத்தார்கள். தலைமைப் பதவி போயிற்று, உளி போகவில்லை. அக்கரை ஊர்கள் மரத்தை மறைக்கவில்லை. அந்த மேஸ்திரியே எல்லோரும் பார்க்க ஒத்துக்கொண்டான், இனிமேல் துணிந்து ஏமாற்றமாட்டான் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். உங்கள் மரத்திலேயே செய்து தருகிறோம் என்று இப்போது நாங்கள் சொல்வதில்லை. பூவரசு மரத்தில் செய்து தருகிறோம் என்கிறோம். அந்தக் காய்களிலிருந்து நாற்று போட்டு, ஒவ்வொரு சாமானோடும் ஒரு கன்று அனுப்புகிறோம். ரேகை பார்த்ததில் எந்த இரண்டு கன்றும் ஒன்றுபோல இல்லை. அதில் எத்தனை நோயைத் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாம் ஒரே நாளில் சாகாது என்கிறார் தமயந்தி. போத்து வெட்ட மட்டும் ஊரில் தடை. பழக்கத்தை விட முடியாமல் கவுண்டர் ஒன்று வெட்டி, பங்காளியிடம் கையும் களவுமாக மாட்டினார்.

போன வாரம் செண்பகவல்லி வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு வேறு ஏதாவது செய்து தருகிறேன், அவள் மரத்துத் துண்டு இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது என்று சொன்னேன். அவள் பணி முடிந்து வந்து ஊஞ்சலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்ணே. இதுல உக்காந்தா அது நிக்கிறது நேரா தெரியுது" என்று கொல்லைப் பக்கம் கை காட்டினாள். பிறகு, "இது யாரு மரம்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சிக்கிட்டு உக்கார்றேன்" என்றாள்.

அது யாருக்கும் நான் சொல்லாத ஒன்று. ஊரில் ஒட்டுப் போடாமல் இரண்டடி அகலம் வந்த ஒரே மரம் அதுதான்.

"எங்க வீட்டுக் கிணத்தடி மரம்" என்றேன்.

அவள் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அண்ணியோட சாய்வு நாக்காலி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் ஹாரன் அடிப்பதுபோலத்தான் சிரிப்பும்.

"ஊர்பூரா சொன்னியே, அண்ணிகிட்ட இன்னும் சொல்லலியா? போ, இப்பவே போய்ச் சொல்லு. திட்டி முடிச்சதும் இங்க கூட்டிக்கிட்டு வா. அவங்க மரம், அவங்க வந்து ஆடட்டும்."

நான் சைக்கிளை எடுத்தேன்.